டீசல் மோட்டார்ஹோமில் மைலேஜ்: நிரப்பிப் பார்ப்பதா, திரையை நம்புவதா, மீட்டர் மாட்டுவதா?

டாலஸிலிருந்து கொலராடோ போகும் வழியில் நியூ மெக்சிகோவின் ரேட்டன் வரைக்கும் எங்கள் மோட்டார்ஹோம் என்ன மைலேஜ் கொடுத்தது என்று கேட்டால், என்னிடம் மூன்று விடைகள் இருந்தன. அமரில்லோவில் டீசல் அடித்தபோது போட்ட கணக்கு கேலனுக்கு 9.4 மைல் என்றது. ரேட்டனில் மறுபடி அடித்தபோது 6.6. டாஷ்போர்டில் இருக்கும் திரை 8.7 என்றது. அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே பயணம்.

மூன்றுமே சரியில்லை என்று புரிய ஒரு கோடைக்காலம் முழுக்க ஆனது. அதற்குள் நோட்டில் 11 முறை டீசல் அடித்த கணக்கு ஏறியிருந்தது. பழைய டீசல் மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது மைலேஜைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த எண்ணை எதை வைத்து அளந்தீர்கள்?

எங்களுடையது 2012 மாடல். 36 அடி நீளம், பின்பக்கம் 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின், மொத்த எடை 26,000 பவுண்டு வரை, 100 கேலன் டேங்க். சமையலறை, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளே இருக்கும் ஒரு பேருந்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் புதுக் கார் வாங்கினால் நகரத்தில் இவ்வளவு, நெடுஞ்சாலையில் இவ்வளவு என்று மைலேஜ் எழுதிய தாள் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். இவ்வளவு கனமான வண்டிகளுக்கு அந்தத் தாள் கிடையாது. விற்பவர் வாயால் சொல்வதுதான் கணக்கு. நாமே அளந்தால்தான் உண்டு.

தவறான எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் அதே பயணத்தில் பார்த்தோம். அமரில்லோ கணக்கின் 9.4-ஐ நம்பி, திரும்பி வரும்போது ஒரு இடத்தில் டீசல் அடிக்காமல் தாண்டி வந்துவிட்டேன். இரவு ஒரு வாகன நிறுத்தத்தில் ஏசி போட்டுப் படுத்தோம். ஜூலை மாதப் புழுக்கம். இரண்டரை மணிக்கு ஜெனரேட்டர் இரண்டு முறை இழுத்து இழுத்து ஓடிவிட்டு நின்றது. பழுது என்று நினைத்து டார்ச் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஃபியூஸ், வயர் எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உள்ளே வந்து சாவியைத் திருப்பியதும் டீசல் முள் கால் டேங்குக்குச் சற்றுக் கீழே நின்றது. அப்போதுதான் புரிந்தது. ஜெனரேட்டரும் எஞ்சினும் ஒரே டேங்கில் குடிப்பவை. ஜெனரேட்டரின் குழாயை மட்டும் டேங்கின் அடி வரை விடாமல், ஏறக்குறைய கால் டேங்க் உயரத்தில் நிறுத்தியிருப்பார்கள். இரவெல்லாம் ஜெனரேட்டர் ஓடினாலும் காலையில் வண்டியை எடுத்துப் போக டீசல் மிஞ்ச வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஏற்பாடு சரியாகவே வேலை செய்தது. என் கணக்குதான் தவறு. பிள்ளைகள் வியர்வையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இரவுதான் இந்த நோட்டின் முதல் பக்கம்.

சரி, வழிகளைப் பார்ப்போம். எல்லோரும் செய்வது முதலில்: டேங்கை நிரப்பு, ஓட்டு, மறுபடி நிரப்பு, ஓடிய மைலை ஊற்றிய கேலனால் வகு. காரில் இது நன்றாகவே வேலை செய்யும். மோட்டார்ஹோமில் ஏன் சறுக்குகிறது என்றால், 'நிரம்பியது' என்ற சொல்லுக்கு இங்கே நிலையான பொருள் இல்லை. ஊரில் படியால் அரிசி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலைவழித்து அளந்தால் ஒரு அளவு, குவித்து அளந்தால் வேறு அளவு. முதல் முறை குவித்து, அடுத்த முறை தலைவழித்து அளந்துவிட்டு இரண்டையும் 'ஒரு படி' என்று எழுதினால் கணக்கு எங்கே நிற்கும்? டேங்கிலும் இதுதான் நடக்கிறது.

எங்கள் டேங்க் அகலமானது, உயரம் குறைவு. 48 அங்குல நீளம், 24 அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால், மேல்மட்டத்தில் வெறும் அரை அங்குலம் மாறினாலே 576 கன அங்குலம், அதாவது 2.5 கேலன் வித்தியாசம். அரை அங்குலம் மாற என்ன வேண்டும்? தரை கொஞ்சம் சாய்ந்திருந்தால் போதும். லாரிகள் அடிக்கும் பம்பில் நாசில் பெரியது, டீசல் வேகமாக வந்து நுரைக்கும். நுரை நாசில் முனையைத் தொட்டதும் 'டக்' என்று நின்றுவிடும். டேங்க் நிரம்பியதாக நாம் நினைப்போம், நுரை அடங்கினால் இன்னும் இடம் இருக்கும். கார்கள் நிற்கும் பக்கத்து பம்பில் மெதுவாக அடித்தால் அந்த இடமும் நிரம்பும். நான் டாலஸில் அடித்தது கார் பம்ப், அமரில்லோவில் லாரி பம்ப். அங்கே 38.5 கேலனோடு நாசில் நின்றது, ஓடோமீட்டர் 362 மைல். அதனால்தான் 9.4. அங்கே காலியாக விட்ட இடத்துக்கும் சேர்த்து ரேட்டனில் 33 கேலன் குடித்தது, 219 மைலுக்கு. ரேட்டனுக்கு முந்தைய வழி பெரும்பாலும் ஏற்றம் என்பதும் அதில் சேர்ந்துகொண்டது.

இரண்டையும் சேர்த்தால் 581 மைல், 71.5 கேலன். 8.1 வருகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. 40 கேலன் அடிக்கும்போது 2.5 கேலன் பிழை என்றால் 6 சதவீதத்துக்கு மேல். 500 கேலன் அடித்த பிறகும் பிழை அதே 2.5 கேலன்தான், ஏனென்றால் நடுவில் நடந்த கூடுதல் குறைவெல்லாம் அடுத்தடுத்த நிரப்பலில் சரியாகிவிடும், முதல் நிரப்பலும் கடைசி நிரப்பலும் மட்டுமே கணக்கில் நிற்கும். அப்போது அது அரை சதவீதம். அதனால் ஒவ்வொரு முறையும் தனித்தனியாக வகுத்துப் பார்த்து மகிழ்வதையும் வருந்துவதையும் விட்டுவிட்டேன். மொத்த மைலையும் மொத்த கேலனையும் கூட்டிக்கொண்டே போகிறேன். கூடவே ஒரு பழக்கம்: முதல் 'டக்' வந்ததும் இரண்டு நிமிடம் நிற்பது, நுரை அடங்கியதும் மெதுவாக இன்னொரு முறை அழுத்துவது, இரண்டாவது 'டக்'கில் எடுத்துவிடுவது. எல்லா ஊரிலும் இதே முறை.

பம்பே ஏமாற்றுமோ என்று பலர் கேட்கிறார்கள். அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவில் எடை அளவுத் துறையினர் 5 கேலன் கலத்தை வைத்துப் பம்புகளைச் சோதிக்கிறார்கள். பயன்பாட்டில் இருக்கும் பம்புக்கு 5 கேலனில் 6 கன அங்குலம் வரை கூடுதல் குறைவு அனுமதி, அதாவது அரை சதவீதம். அதைவிட வெப்பம் பெரிய விஷயம். டீசல் சூடானால் விரியும், 40 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் கனஅளவு 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். கனடாவில் பம்பே 15 டிகிரி செல்சியஸுக்குத் திருத்தி லிட்டரைக் காட்டும். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. ஆகஸ்ட் கணக்கையும் டிசம்பர் கணக்கையும் ஒப்பிடும்போது இதை மனதில் வைத்தால் போதும். பம்பில் ஒட்டியிருக்கும் பயோடீசல் சீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் பயோடீசல் கலந்திருந்தால் மைலேஜ் ஓரிரு சதவீதம் இறங்கும்.

இதுவரை சொன்னது கேலன். மைல் எவ்வளவு சரி என்பதை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுவே பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஓடோமீட்டர் சக்கரம் சுற்றுவதை எண்ணுகிறது. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்குக் கூடுதல் சுற்று, ஓடோமீட்டரும் கூடக் காட்டும். எங்கள் டயர் 38 அங்குலத்துக்குச் சற்று மேலான விட்டம். புதிதில் 16/32 அங்குலப் பட்டன் ஆழம், கழற்றும் நேரத்தில் 4/32. ஆரத்தில் முக்கால் அங்குலத்தில் பாதி போய்விடுகிறது, அது 2 சதவீதம். புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டது என்று சொல்பவர்களில் சிலருக்கு, உண்மையில் மாறியது ஓடோமீட்டரின் கணக்கு.

இதைச் சரிபார்க்கக் காசு செலவில்லை. இன்டர்ஸ்டேட் எனப்படும் மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் மைலுக்கு ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. கொலராடோவில் ஐ-25 நெடுஞ்சாலை மாநில எல்லையில் சுழியத்தில் தொடங்கி வடக்கே எண் ஏறிக்கொண்டே போகும். டிரினிடாட்டைத் தாண்டி 20-வது பலகையில் ஓடோமீட்டரைச் சுழியமாக்கினோம், பியூப்லோவுக்கு முன்னால் 90-வது பலகையில் என் மனைவி படித்துச் சொன்னார்: 71.4. எழுபதுக்கு 71.4, சரியாக 2 சதவீதம் கூடுதல். பத்து மைலில் இதைச் செய்யாதீர்கள், பலகையைத் தாண்டும் நொடியைப் பிடிப்பதிலேயே பிழை வந்துவிடும். ஐம்பது மைலாவது வேண்டும். போனில் உள்ள ஜிபிஎஸ்ஸும் நல்லதுதான், ஆனால் சில செயலிகள் வளைந்து நெளிந்த மலைச்சாலையில் புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்துத் தூரத்தைக் குறைத்துவிடும். ஏற்றத்தில் ஜிபிஎஸ் தப்பாகக் காட்டும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 7 சதவீதச் சரிவில்கூடச் சாய்ந்த தூரத்துக்கும் கிடைமட்டத் தூரத்துக்கும் வித்தியாசம் கால் சதவீதம்தான். விட்டுவிடலாம்.

அப்புறம் ஜெனரேட்டர். எங்களுடைய 8 கிலோவாட் ஜெனரேட்டர் ஒரு ஏசியோடு ஓடினால் மணிக்குச் சுமார் அரை கேலன் குடிக்கிறது. ஜெனரேட்டரிலேயே மணிக்கணக்குக் காட்டும் சிறிய மீட்டர் இருக்கிறது, டீசல் அடிக்கும்போதெல்லாம் அதையும் நோட்டில் எழுதினால் போதும். டீசலில் எரியும் ஹீட்டர் உள்ள வண்டிகளில் அதையும் சேர்க்க வேண்டும். 50,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) ஹீட்டர் இடைவிடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால் மூன்றில் ஒரு பங்கு கேலனைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். குளிர்காலத்தில் மைலேஜ் அநியாயத்துக்கு விழுந்துவிட்டது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. டெஃப் என்று தனி டேங்கில் ஊற்றும் திரவத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எஞ்சினுக்குள் போவதில்லை, புகையைச் சுத்தம் செய்யப் புகைக்குழாயில் தெளிக்கப்படுவது.

இந்தத் திருத்தங்களோடு ரேட்டன் வரைக்குமான கணக்கை மறுபடி போட்டேன். 581 மைல் உண்மையில் 570. 71.5 கேலனில் ஜெனரேட்டர் ஐந்து மணி நேரம் ஓடியதற்கு 2.5 கேலன் போக, ஓட்டத்துக்கு 69. ஆக ஓட்டத்தின் மைலேஜ் 8.3. டேங்க் காலியாகும் வேகம் என்று பார்த்தால் 8. இந்த இரண்டும் வெவ்வேறு எண்கள், இரண்டுமே வேண்டும். இரவில் ஜெனரேட்டர் நின்றுபோனது இரண்டாவது எண் என்னிடம் இல்லாததால்.

இப்போது திரைக்கு வருவோம். டாஷ்போர்டில் தெரிவதும், கடையில் வாங்கி மாட்டும் ஸ்கேன்கேஜ் டி, சில்வர்லீஃப் நிறுவனத்தின் விஎம்எஸ்பிசி போன்றவையும் எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் காட்டுகின்றன. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒன்பது முனை வட்டச் செருகி இருக்கும், லாரிகளில் உள்ள அதே ஜே1939 தொடர்பு. அதில் செருகினால் வந்துவிடும். பழைய வண்டிகளில் ஆறு முனை.

கம்ப்யூட்டர் டீசலை அளப்பதில்லை என்பதைப் பலரும் அறிவதில்லை. எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் எவ்வளவு நேரம் திறக்கச் சொன்னது, அழுத்தம் என்ன என்பதைக் கொண்டு இவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போடுகிறது. இன்ஜெக்டர் தேய்ந்து கூடுதலாகக் கசிந்தாலும் அதற்குத் தெரியாது. எங்கள் வண்டியில் 67 கேலன் என்றது, நோட்டில் 69. மைலை வேறு ஓடோமீட்டரிலிருந்தே எடுப்பதால் அந்த 2 சதவீதமும் கூடிக்கொண்டது. 8.3 என்று இருக்க வேண்டியது 8.7 ஆனது இப்படித்தான். ஜெனரேட்டர் குடிப்பது அதற்குச் சுத்தமாகத் தெரியாது.

ஆனால் திரையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதன் பிழை கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும் பிழை. இன்றைக்கும் 5 சதவீதம் கூட, நாளைக்கும் 5 சதவீதம் கூட. நிரப்பும் கணக்கோ ஒரு நாள் 13 சதவீதம் கூட, மறுநாள் 20 சதவீதம் குறைய. எப்போதும் பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரத்தை வைத்து ரயிலைப் பிடித்துவிடலாம். தவிர, திரை உடனே சொல்லும். ஏற்றத்தில் 3, சமதரையில் 9, இறக்கத்தில் 40 என்று எண் துள்ளுவதைப் பார்த்தாலே கால் தானாக இலகுவாகும். புகை வடிகட்டியைச் சுத்தம் செய்ய வண்டி தானாகவே கூடுதல் டீசல் எரிக்கும் நேரங்களில் எண் இறங்குவதையும் பார்க்கலாம். நோட்டில் இவையெல்லாம் தெரியவே தெரியாது.

மூன்றாவது வழி, டீசல் குழாயிலேயே ஓட்ட மீட்டர் மாட்டுவது. கேட்கும்போது இதுதான் நேர்மையான அளவு என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. சிக்கல் என்னவென்றால் டீசல் எஞ்சின் இழுக்கும் டீசல் முழுவதையும் எரிப்பதில்லை. பெரும்பகுதியை டேங்குக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால் போகும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று என இரண்டு மீட்டர் வேண்டும், இரண்டையும் கழித்தால் வருவதுதான் எரிந்தது. மணிக்கு 40 கேலன் போய் 33 திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிவது 7. போகும் மீட்டரில் ஒரே ஒரு சதவீதப் பிழை இருந்தால் 0.4 கேலன், ஏழில் அது 6 சதவீதத்துக்குக் கிட்டே. திரும்பி வரும் டீசல் சூடாகி விரிந்து வேறு வருகிறது. இதையெல்லாம் திருத்தும் நல்ல மீட்டர்கள் உண்டு, கப்பலிலும் ஆய்வுக்கூடத்திலும் பயன்படுபவை, விலையும் அதற்கேற்ப. மேலும் எரிபொருள் குழாயை வெட்டி நான்கு புது இணைப்புகள் போடுவது என்றால் காற்று புகுவதற்கு நான்கு புது இடங்கள். காற்று புகுந்த டீசல் எஞ்சினை நடுவழியில் கிளப்பும் வேதனை தெரிந்தவர்கள் இதைச் செய்யமாட்டார்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டாஷ்போர்டின் டீசல் முள்ளை வைத்து அளப்பது நான்காவது வழி என்று சொல்லலாம். டீசல் அடிக்க வேண்டிய நேரத்தை அது சொல்லும், அவ்வளவுதான்.

என்ன அளந்தாலும் வழியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டாலஸ் கடல் மட்டத்திலிருந்து 430 அடி, ரேட்டன் 6,680 அடி. 26,000 பவுண்டு வண்டியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், எஞ்சினின் திறனையும் கணக்கில் எடுத்தால், சுமார் 4 கேலன் போகிறது. ஓட்டத்துக்கான 69-இல் 4. அமரில்லோ பக்கத்து எதிர்காற்று தனி. அதனால் போகும் வழியின் எண்ணை மட்டும் வைத்து வண்டியைத் திட்டாதீர்கள். போய் வந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே நான் தேர்ந்தெடுத்தது நோட்டும் திரையும் சேர்ந்த முறை. நோட்டு நீதிபதி, திரை சாட்சி. 11 நிரப்பலுக்குப் பிறகு நோட்டில் திருத்திய தூரம் 3,940 மைல், டீசல் 512 கேலன், ஜெனரேட்டர் 52 மணி நேரம் ஓடியதற்கு 26 கேலன். ஓட்டத்துக்கு 8.1, டேங்குக்கு 7.7. இந்திய வழக்கில் சொன்னால் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு நான் மாட்டியிருக்கும் ஸ்கேன்கேஜில் நிரப்பிய அளவைத் திருத்தும் பக்கத்துக்குப் போய், நோட்டின் எண்ணுக்கு அதை இழுத்து வைத்தேன். இரண்டு பயணத்துக்கு ஒரு முறை மறுபடி ஒப்பிடுகிறேன்.

இரண்டையும் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு: வருடத்துக்கு ஒன்றிரண்டு பயணம் மட்டும் போகிறீர்கள், அடுத்த டீசல் எங்கே என்பதே உங்கள் கேள்வி என்றால் நோட்டு மட்டும் போதும். கருவி வாங்க வேண்டாம். டயர் மாற்றினால் என்ன, பின்னால் காரை இழுத்தால் என்ன, எந்த வேகத்தில் ஓட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும் என்றால் கருவி இல்லாமல் முடியாது, ஏனென்றால் அந்த வித்தியாசங்களை நிரப்பும் கணக்கின் பிழை விழுங்கிவிடும்.

வேகத்தை நாங்கள் அப்படித்தான் சோதித்தோம். காற்றில்லாத ஒரு காலை, ஐ-25-இல் அதே இருபது மைலை வடக்கேயும் தெற்கேயும், முதலில் க்ரூஸில் (வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் வசதி) மணிக்கு 62 மைல், பிறகு 68. இரு திசையின் கேலன்களையும் கூட்டி வகுத்தால் 62-க்கு 8.6, 68-க்கு 7.7. எண்பது கேலனுக்கு 72 மைல் வித்தியாசம். அமரில்லோவுக்கும் ரேட்டனுக்கும் நடுவே அந்த 72 மைலுக்குள் டீசல் கிடைக்கும் ஊர்கள் ஒன்றிரண்டுதான். க்ரூஸ் இப்போது 62-இல் நிற்கிறது.